‘லேசர் போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்: பழைய உயர்தர சிடி பிளேயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுக்கணக்காக ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த விலை உயர்ந்த சிடி பிளேயர் ஒரு நாள் ‘நோ டிஸ்க்’ என்று காட்டினால், எல்லோரும் முதலில் சொல்வது ‘லேசர் போய்விட்டது’ என்பதைத்தான். பழுதுபார்ப்பவரில் பாதிப்பேரும் அதையே சொல்வார்கள். சில சமயம் அது உண்மைதான். ஆனால் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் நல்ல பிளேயர்கள் பலவற்றுக்கு எமனாகிறது. லேசரின் மின்னோட்டத்தை மாற்றும் பிரீசெட் திருகைத் திருப்புவது, லென்ஸை அழுத்தித் தேய்ப்பது, பெட்டியோடு தள்ளிவிடுவது என்று திரும்பப்பெற முடியாத காரியங்கள் முதலில் நடந்துவிடுகின்றன. வேறு நாலு வட்டுகளைப் போட்டுப் பார்ப்பது போன்ற செலவில்லாத காரியங்கள் கடைசியில்தான் நினைவுக்கு வருகின்றன.

வட்டைச் சந்தேகிக்காமல் பிளேயரைச் சந்தேகிப்பது முதல் தவறு. சிடிக்களும் கெடுகின்றன. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான வட்டுகளில் பல, விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறி, கடைசிப் பாடல்களில் கரகரக்கத் தொடங்கிவிடும். அப்படி ஒரு வட்டை வைத்துக்கொண்டு பிளேயரைத் திறப்பது வீண் வேலை. வீட்டில் எழுதப்பட்ட சிடி-ஆர் வட்டுகளையும் சோதனைக்கு நம்பக் கூடாது. அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ இன்னும் மோசம். அச்சடித்த வட்டோடு ஒப்பிட்டால் அது திருப்பியனுப்பும் ஒளி மிகக் குறைவு என்பதால், பல பழைய பிளேயர்கள் புதிதாக இருந்தபோதே அதைப் படித்ததில்லை.

நோய்க்குறியைப் படிக்காமல் மருந்து தேடுவது அடுத்த தவறு. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. எத்தனை பாடல், எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை உள்விளிம்பில் இருக்கிறது. அந்த இடத்தில் வட்டு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றவேண்டும். வெளிவிளிம்பை நெருங்கும்போது 200 சுற்றுப் போதும். ஆகவே, அட்டவணையைப் படிக்க மூன்று நான்கு முறை தடுமாறி, ஒருமுறை படித்துவிட்டால் பிறகு தடையில்லாமல் பாடுகிற பிளேயரில் லேசரைவிட வட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டார்தான் களைத்திருக்க வாய்ப்பு அதிகம். அல்லது லேசரும் லென்ஸும் அடங்கிய பிக்கப்பைச் சுமந்து செல்லும் ஸ்லெட் உள்ளே கடைசிவரை போய்ச் சேராமல் இருக்கலாம். எல்லையைக் காட்டும் குட்டி சுவிட்சில் அழுக்குப் படிந்தாலே அப்படி ஆகும்.

முதல் பாடல்கள் சுத்தமாக வந்து கடைசிப் பாடல்களில் மட்டும் குதித்தால் கதை வேறு. தண்டவாளத்தில் கிரீஸ் இறுகியிருக்கலாம், பல்சக்கரத்தின் இடுக்கில் தூசு அடைந்திருக்கலாம், வட்டைத் தாங்கும் தட்டு லேசாகச் சாய்ந்திருக்கலாம். சாய்வு உள்விளிம்பில் தெரியாது. வெளியே போகப் போகத்தான் வட்டின் ஆட்டம் பெரிதாகும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் தடுமாறினால் டிரை சால்டரையோ (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு) கெபாசிட்டரையோ தேடவேண்டும். 1980களின் பிலிப்ஸ் வகைப் பிளேயர்களில் சர்க்யூட் பலகையின் இரு பக்கங்களையும் இணைக்கும் சிறு உலோகக் குழல்கள் காலப்போக்கில் தொடர்பு விட்டுப்போவது பேர்பெற்ற வியாதி. ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை நுழைத்து இரு பக்கமும் சால்டர் வைத்தால், செத்ததாக ஒதுக்கிய கருவி எழுந்து உட்கார்ந்துவிடும். டிரே வெளியே வந்து உடனே உள்ளே போய்விட்டாலோ பாதியில் முனகி நின்றாலோ பெல்ட். அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

அச்சடித்த வட்டுகளை எப்படியோ படித்துவிட்டு, முன்பு ஓடிக்கொண்டிருந்த சிடி-ஆர்களை மட்டும் இப்போது மறுக்கிறது என்றால், அப்போது லேசரையும் லென்ஸையும் சந்தேகிப்பது நியாயம்.

லென்ஸ் விஷயத்தில் இரண்டு துருவங்கள் உண்டு. சிலர் அதைத் தொடவே அஞ்சி, குட்டித் தூரிகை ஒட்டிய சுத்தம்செய்யும் வட்டை வாங்கிப் போடுகிறார்கள். சுற்றும் வேகத்தில் அந்தத் தூரிகை லென்ஸை அறைந்துவிட்டுப் போகும். ஏற்கெனவே படிந்த தூசோடு சேர்ந்து கீறவும் செய்யும். இன்னும் சிலர் கண்ணாடி துடைக்கிற மாதிரித் துடைக்கிறார்கள். லென்ஸ் நான்கு மெல்லிய கம்பிகளிலோ ஒரு மெல்லிய மடிப்பிலோ தொங்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் தொங்கல் வளையும், வளைந்தது பழைய நிலைக்கு வராது. பிலிப்ஸ் சிடிஎம்-1 போன்ற பழைய மெக்கானிசங்களில் (வட்டைச் சுழற்றிப் படிக்கும் பகுதி) லென்ஸ் கண்ணாடி. பின்னால் வந்தவற்றில் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன்மேல் அசிட்டோன் பட்டால் அதோடு சரி. நூல் பிரியாத துடைப்பானில் ஒரு துளி சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹால், தன் எடைக்கு மேல் அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே ஒரு சுழற்று, காய்ந்த முனையால் இன்னொரு சுழற்று. அவ்வளவுதான். லென்ஸுக்குக் கீழே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியிலும் புகை, எண்ணெய்ப் படலம் படியும். அதை எந்தத் துடைப்பானும் எட்டாது. புகைபிடிக்கும் வீட்டில் இருந்த பிளேயரை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: மூடி திறந்திருக்கும்போது லென்ஸை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். தெரிவது குறைவு என்பதால் படுவது குறைவு அல்ல.

பிரீசெட் என்னும் தூண்டில்

பிக்கப்பின் பக்கவாட்டில் கடுகளவு திருகு ஒன்று இருக்கும். லேசரின் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் பிரீசெட் அதுதான். அதைக் கால் சுற்றுத் திருப்பினால் படிக்காத வட்டு படிக்கும். அந்தக் கணத்தில் திருப்பியவருக்குத் தான் ஒரு மருத்துவர் என்ற எண்ணம் வந்துவிடும். உண்மையில் நடப்பது, களைத்துப்போன டயோடைச் சாட்டையால் அடித்து ஓட்டுவது. சில வாரங்கள் ஓடும், பிறகு மொத்தமாக விழும். பழைய அளவைக் குறித்து வைக்காமல் திருப்பியிருந்தால் பின்னால் வரும் நல்ல பழுதுபார்ப்பவருக்கும் தொடக்கப் புள்ளி கிடைக்காது.

அளந்துவிட்டுத் தொடுவதுதான் முறை. சோனியின் கேஎஸ்எஸ் வரிசைப் பிக்கப்கள் பலவற்றில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் மூன்று எண்கள் இருக்கும்; 450 என்றால் அந்த டயோடு புதிதாக இருந்தபோது எடுத்த மின்னோட்டம் 45.0 மில்லி ஆம்பியர். இப்போது எடுப்பது அதைவிட வெகுவாகக் கூடியிருந்தால் டயோடு முதுமை அடைந்துவிட்டது. அருகிலேயே இருந்தால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறார். அடுத்து, சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப். வட்டிலிருந்து வரும் சிக்னலில் தெளிவான வைரக் கட்டங்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். இதைத்தான் ஐ பேட்டர்ன் என்கிறார்கள். பல பிளேயர்களில் அதன் உயரம் ஒரு வோல்ட் அளவில் இருக்கும். சரியான எண் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உண்டு. கட்டங்கள் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் ஒழுங்கைப் பார்க்க வேண்டும். கூர்மையாக இருந்து உயரம் மட்டும் குறைந்தால் ஒளி போதவில்லை. ஆசிலாஸ்கோப் இல்லாதவர் பிரீசெட்டைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

புதிய பிக்கப் போட்டும் படிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் ஒரு இடத்தைப் பார்க்கலாம். லேசர் டயோடு நிலைமின்சாரத்துக்குப் பலியாகக்கூடியது என்பதால், பல புதிய பிக்கப்களின் சிறு பலகையில் இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு பொட்டு சால்டர் வைத்து அனுப்புவார்கள். மாற்றும்போது ரிப்பனைச் செருகிவிட்டு அந்தப் பொட்டை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் லேசர் எரியவே எரியாது. நல்ல பிக்கப்பைப் ‘போலி’ என்று திட்டித் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. உண்மையான போலிகளும் ஏராளம். அதே எண், அதே உருவம். உள்ளே மட்டமான டயோடு, தளர்ந்த தொங்கல். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

கெபாசிட்டர் மோகம்

இருபது, முப்பது ஆண்டு ஆன கருவி என்றதும் எல்லா எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. வெப்பம்தான் அவற்றைக் கொல்கிறது: பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். எனவே மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரின் ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்பவை முதலில் சாகும். பலகையின் குளிர்ந்த மூலையில் இருப்பவை இன்னும் நன்றாகவே இருக்கும். நூறு கெபாசிட்டர்களை ஒரே நாளில் மாற்றும்போது ஒன்றிரண்டு தலைகீழாகப் போவதும், பழைய பலகையின் செப்புத் தடம் பெயர்ந்து வருவதும் சாதாரணம். பிறகு புதிய கோளாறு எந்த மாற்றத்தால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பகுதி பகுதியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். ‘ஆடியோ ரகம்’ என்ற முத்திரைக்காகக் கண்ட இடத்தில் கண்ட கெபாசிட்டரைப் போடுவதும் வேண்டாம். சில பழைய ரெகுலேட்டர்களுக்குப் பின்னால் உள்தடை மிகக் குறைந்த கெபாசிட்டர் வந்தால் அவை நிலை தடுமாறும். 1980களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டிய குட்டி எஸ்எம்டி எலக்ட்ரோலிட்டிக்குகள் மட்டும் விதிவிலக்கு. அவை கசிந்து பலகையை அரிக்கும். அவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிரீஸ் பற்றி ஒரு வரி: பழையதைச் சுத்தமாகத் துடைத்தெடுக்காமல் மேலே புதியதைப் பூசினால் இரண்டும் சேர்ந்து பசையாகும்.

வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

விலைக்கும் பழுதுபார்க்கும் வசதிக்கும் சம்பந்தம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் தவறான பிளேயரில் பணத்தைக் கொட்டுகிறார்கள். கனமான அலுமினியப் பெட்டிக்குள் சாதாரணமான சோனி கேஎஸ்எஸ்-213 வகைப் பிக்கப் இருந்தால் அதிர்ஷ்டம். எளிய பிளேயர்களிலும் அதுவே இருந்ததால் உதிரி கிடைக்கும். பல உயர்தர நிறுவனங்கள் நம்பியிருந்த பிலிப்ஸ் சிடி-ப்ரோ2 மெக்கானிசத்தின் உற்பத்தி நின்றுவிட்டது. கையிருப்பில் இருப்பது தீரத் தீர விலை ஏறும். டிஜிட்டல் தகவலை ஒலி சிக்னலாக மாற்றும் டிடிஏ1541ஏ போன்ற சிப்பின் பெயரைக் கேட்டு மயங்கி வாங்குகிறவர்கள், அது எந்த மெக்கானிசத்தோடு வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும். சிப் அரிதாகத்தான் சாகும். செய்த நிறுவனமும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. லின் 2009இல் சிடி பிளேயர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஒப்போ 2018இல் பிளேயர் தொழிலையே மூடியது. ஆகவே, பிளேயர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மெக்கானிசத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு, சர்வீஸ் மேனுவலைத் தேடி வைத்து, முடிந்தால் ஒரு பிக்கப்பையும் வாங்கி வைப்பது நல்லது. பெல்ட்டை மட்டும் அப்படிச் சேர்த்து வைக்க வேண்டாம். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடாகும்.

மெக்கானிசம் செத்துவிட்டது, உதிரியும் இல்லை என்று உறுதியானால்கூட உடனே விற்காதீர்கள். சில உயர்தரப் பிளேயர்களில் டிஜிட்டல் இன்புட் இருக்கும். வட்டைப் படித்து டிஜிட்டல் சிக்னலை மட்டும் தரும் டிரான்ஸ்போர்ட் ஒன்றை வாங்கிச் சேர்த்தால் பழைய ஒலி அப்படியே தொடரும். நேர்மாறாக, அனலாக் பகுதி கெட்டு மெக்கானிசம் நன்றாக இருந்தால், டிஜிட்டல் அவுட் வழியாக டிஜிட்டலை அனலாக் ஆக்கும் வெளி டிஏசி ஒன்றைக் கோக்கலாம்.

புதியதற்கு மாறுகிறவர்கள் விழும் குழிகள் வேறு. எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) வட்டுகள் வைத்திருப்பவர் சாதாரண டிரான்ஸ்போர்ட்டும் டிஏசியும் வாங்கினால் அந்த வட்டுகளின் சிடி அடுக்கு மட்டுமே பாடும். சிடி அடுக்கு இல்லாத வட்டு பாடவே பாடாது. சாதாரண சிடிக்குள் கூடுதல் தகவலைப் பொதிந்து வைக்கும் எச்டிசிடி முத்திரை உள்ள வட்டுகள் பாடும். ஆனால் அதைப் பிரித்தறியும் வசதி இல்லாத கருவியில் கூடுதல் தகவல் வீணாகும். பலரும் கவனிக்காத இன்னொன்று ப்ரீ-எம்ஃபசிஸ். 1980களின் சில வட்டுகளில் உச்ச ஸ்தாயியை உயர்த்திப் பதிந்து, பாடும்போது தாழ்த்தும்படி ஒரு குறியும் வைத்திருப்பார்கள். பழைய பிளேயர் அந்தக் குறியைப் பார்த்துத் தானே தாழ்த்திவிடும். சில புதிய டிஏசிகள் குறியைக் கண்டுகொள்வதில்லை. கணினியில் நகலெடுக்கும்போதும் பெரும்பாலும் அது விடுபட்டுப் போகும். அப்போது வட்டு கீச்சென்று ஒலிக்கும். ‘புதிய கருவிக்குத் துல்லியம் அதிகம்’ என்று அதற்கு விளக்கம் சொல்லிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பழையதையே வாங்குவதாக இருந்தால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஜப்பானியச் சந்தைக்கான பிளேயர் 100 வோல்ட்டில் ஓடுவது. 230 வோல்ட்டில் செருகினால் கதை அங்கேயே முடியும். ரிமோட் இருக்கிறதா, மேலிருந்து வட்டு வைக்கும் ரகமானால் வட்டை அழுத்தும் காந்தக் குமிழ் இருக்கிறதா என்று கேளுங்கள். குமிழ் இல்லாமல் பிளேயர் ஓடாது. அனுப்புகிறவரிடம் அடிப்பக்கத்தில் இருக்கும், வழியில் மெக்கானிசம் ஆடாமல் பூட்டும் போக்குவரத்துத் திருகுகளை முடுக்கி அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் அவற்றைத் தளர்த்த மறந்தால் நல்ல பிளேயரும் ‘நோ டிஸ்க்’ என்றே சொல்லும். நேரில் பார்க்க முடிந்தால் 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் அச்சடித்த வட்டு ஒன்றைக் கொண்டுபோய், முதல் பாடலைக் கேட்டுவிட்டு நேராகக் கடைசிப் பாடலுக்குத் தாவுங்கள். ஒரு மணி நேரம் சூடேறவிட்டு அதையே மறுபடி செய்து பாருங்கள். முதல் முறை பாடிவிட்டு இரண்டாம் முறை தடுமாறும் பிளேயரை உதிரிபாக விலைக்கு மேல் கொடுத்து வாங்காதீர்கள்.