சேலையின் பின்பக்கத்தையும் பாருங்கள்: அழகுப் பக்க நிருபருக்குச் சில குறிப்புகள்

எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆடை, அலங்காரம், பாட்டு, சினிமா என்று நான்கு பக்கங்கள் பதினெட்டு வருடமாக என் பொறுப்பில் இருக்கின்றன. செய்திப் பிரிவில் அதற்குச் 'சேலைப் பக்கம்' என்று பெயர். பாராளுமன்றத்துக்குப் போகிறவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மகளுக்குக் கல்யாணம் வந்துவிட்டால், கூறைச் சேலைக்கு எந்தக் கடை என்று கேட்க என் மேசைக்குத்தான் வருவார்கள். ஒவ்வொரு வருடமும் பயிற்சிக்கென்று ஒரு பிள்ளையை என்னிடம் அனுப்புகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இந்த முறை எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் உங்களை ஃபேஷன் ஷோவுக்கு அனுப்பமாட்டேன். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போங்கள். பிரதான வீதி, கெய்சர் வீதி, பிறகு செட்டியார் தெரு. திரும்பி வரும்போது கொப்பியில் மூன்று விலைகள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதே பொருள் போன வருடம் விற்ற விலையும் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் உங்களை வாடிக்கையாளர் என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் வரி அதிகாரி என்று நினைப்பார்கள். நிருபர் என்று சொன்னவுடன் முதலாளியைக் கூப்பிடுவார்கள். முதலாளி வந்தால் எல்லாமே நன்றாக விற்பனையாகிறது என்பார். அதனால் முதலில் ஒரு மீற்றர் லைனிங் துணி வாங்குங்கள். அது வெட்டப்படும்போது யாரென்று சொல்லிவிட்டு, துணி வெட்டுகிறவரிடமே கேளுங்கள்: இந்தக் கிழமை எது மாற்றித்தரச் சொல்லித் திரும்பி வந்தது? எது இன்னும் தட்டிலேயே கிடக்கிறது? விற்றதைவிட விற்காததில் செய்தி அதிகம்.

அடுத்தது தையற்காரர். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் தையற்கார அக்கா இருக்கிறார். கடையின் அகலம் ஒரு கட்டில் போடும் அளவுதான். கழுத்து இறங்கப்போகிறதா, கை நீளப்போகிறதா என்பது எந்த வடிவமைப்பாளருக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே சட்டைத் துணி அவரிடம் வந்து சேர்ந்துவிடுகிறதே! இப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கிழமைக்கு ஒருமுறை போங்கள். செய்தி இல்லாத கிழமையிலும் போங்கள்.

சித்திரை வருடப் பிறப்புக்கு மட்டும் நாள்காட்டியைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். எந்த நிற ஆடை அணிவது என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளும் அந்த நிறத்துக்கு மாறும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நேரத்தில் மட்டுமல்லாமல் நிறத்திலும் சில வருடங்களில் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் திங்கட்கிழமை காலை தொலைபேசியை நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும். சிங்களச் சுபநேரப் பட்டியலிலும் நிறங்கள் உண்டு. கடைக்காரர் மூன்றையும் கூட்டிக் கழித்துத்தான் துணி இறக்குகிறார். அவர் அதை எப்படிக் கணக்குப் பார்க்கிறார் என்பது நல்ல கட்டுரை. நான் மூன்று முறை எழுதிவிட்டேன், நீங்கள் நான்காவது முறை எழுதலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எங்கள் வண்ணப் பக்கங்கள் வியாழன் மாலையே அச்சுக்குப் போய்விடும். சனிக்கிழமை நடந்ததை ஞாயிற்றுக்கிழமை எழுத முடியாது.

இனிச் சொற்கள். ஊடக அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். அதிலுள்ள துணிப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கி வைப்பது சோம்பேறித்தனம். முந்தானை, கரை, கொசுவம், சரிகை, புட்டா என்று நம்மிடம் சொல் இருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் சொல் தெரிந்தால் போதாது, பொருளும் தெரிய வேண்டும். என் இரண்டாவது வருடத்தில் ஒரு மணப்பெண்ணின் படத்துக்குக் கீழே 'காஞ்சிபுரம் கோர்வைப் பட்டு' என்று எழுதிவிட்டேன். செட்டியார் தெருவுக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் சேலை விரித்துக் காட்டிய ஒரு பெரியவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கோபப்படவில்லை. பையிலிருந்து இரண்டு சேலைகளை எடுத்து என் மேசையில் கவிழ்த்துப் போட்டார். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால், அதாவது தறியில் ஊடு நூலை ஓட்டும் கருவியால், நெய்து, சேரும் இடத்தில் இழைகளைக் கோத்துப் பின்னுவதுதான் கோர்வை. அந்தச் சேர்க்கையைப் பின்பக்கத்தில் விரலால் தடவிப் பார், பிள்ளை, என்றார். நான் எழுதிய சேலை கோர்வையே இல்லை. அன்றிலிருந்து எந்தத் துணியையும் திருப்பிப் பார்க்காமல் எழுதுவதில்லை. பத்திக்குக்கும் இதே சோதனைதான். மெழுகு பூசிச் சாயத்தில் தோய்த்த துணியில் நிறம் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். பத்திக் மாதிரி அச்சடித்த துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும். மருதமுனைக் கைத்தறி என்று ஒன்றை உங்களிடம் காட்டினால், நெய்த வீட்டை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். பஸ் பயணம் நீளம்தான்.

பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். சிங்களப் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர்கள் 'தமிதா'வை 'டமிதா' ஆக்கிவிடுகிறார்கள். ஆங்கில 'டி'யைப் பார்த்தவுடன் கை தானாக 'ட' போட்டுவிடும். சிங்களத்தில் அது அநேகமாக நம்முடைய 'த'தான். பெயரை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். மேடையில் நடந்தவருக்கு மட்டுமன்றி, மேடைக்குப் பின்னால் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு ஓரம் மடித்தவருக்கும் பெயர் உண்டு. ஷோ நடக்கும் இடத்தில் முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். அங்கே பத்து நிமிடம் போதும். மீதி நேரம் பின்னால் நில்லுங்கள். பிரதம விருந்தினர் யார், அனுசரணை யார் என்பதெல்லாம் ஊடக அறிக்கையில் இருக்கும்.

அன்பளிப்புப் பற்றி. என் முதல் தீபாவளிக்கு ஒரு கடையில் பேட்டி முடிந்து வரும்போது பைக்குள் ஒரு சேலை இருந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். உடனே திருப்பியிருக்கலாம், நிறம் பிடித்துவிட்டது. ஃபோல்ஸ் அடித்து, கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கும் போனேன். ஆசிரியர் கட்டுரையைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார், விலை என்னவென்று கேட்டார். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்து அந்தக் கடைக்குக் கட்டினார்கள். அந்தச் சேலை இன்னும் இருக்கிறது. அதைக் கட்டும்போதெல்லாம் ஒருவித எரிச்சல். நீங்கள் பையை வாசலிலேயே திறந்து பாருங்கள்.

மண்டபங்களுக்குப் போகாமல் இந்த வேலை இல்லை. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு முகூர்த்த நாள் முழுக்க நின்றால், ஒரு வருடத்துக்கான அலங்காரப் போக்கு கண்ணில் படும். நகையைப் பற்றிக் கேட்கும்போது பவுனில் கேளுங்கள். ஒரு பவுன் எட்டுக் கிராம். தாலிக்கொடி எத்தனை பவுன் என்று கேட்டால் சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். மாற்றினால் விட்டுவிடுங்கள். மற்ற நகை வாடகைக்கு எடுத்தது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் எழுத வேண்டாம். வாடகை நகை வியாபாரத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால், வாடகைக்குக் கொடுக்கிறவரிடம் போங்கள்.

சாமத்திய வீடுகளில், அதாவது பூப்புனித நீராட்டு விழாக்களில், பிள்ளையின் முகத்தைப் போடாதீர்கள். தாய் சம்மதித்தாலும் வேண்டாம். நான் போட்டேன், முழுப்பக்கத்தில், பல்லக்கோடு. சில வருடம் கழித்து ஒரு கடையில் அந்தப் பிள்ளை என்னை அடையாளம் கண்டு, அந்தத் தவணை முழுக்கப் பாடசாலையில் அந்தப் பக்கத்தை வைத்துக் கேலி செய்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

பாட்டும் சினிமாவும் எளிது என்று நினைத்து வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை சவோய்க்குப் போய்ப் படம் பார்த்து எழுதுவது எளிதுதான். கடினமானது யார் செய்தது என்பதைச் சரியாக எழுதுவது. 2021 இல் யொஹானி பாடி இந்தியா முழுக்க ஒலித்த 'மெனிகே மகே ஹிதே' பாட்டை முதலில் 2020 இல் பாடி வெளியிட்டவர் சதீஷன். அவர் பெயர் இல்லாத குறிப்புகள் எத்தனையோ வந்தன. பழையவர்களையும் விட்டுவிடாதீர்கள். பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ.மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது, அவரை மேடையில் நேரில் கேட்டவர்களைத் தேடி ஒரு பகல் முழுக்கத் தொலைபேசியில் இருந்தேன். அவர்களுடைய இலக்கங்கள் முன்பே கொப்பியில் இருந்திருக்க வேண்டும். தமிழகத்திலிருந்து நடிகர் வருகிறார் என்றால் அரசியல் பிரிவுக்கும் சொல்லி வையுங்கள். 2017 ஏப்ரலில் ரஜினிகாந்த் வவுனியாவில் வீடுகள் கையளிக்க வருவதாக இருந்தது. தமிழகத்தில் எதிர்ப்பு வந்ததும் மார்ச்சிலேயே பயணத்தை நிறுத்திவிட்டார். நம் பக்கத்துச் செய்தி முதற்பக்கத்துக்குப் போன நாள் அது.

எதிர்த் திசையிலும் நடக்கும். 2022 இல் பத்திரிகைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது முதலில் சுருங்கியது என் பக்கங்கள்தான், நான்கு ஒன்றாகியது. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. எழுத எதுவுமில்லை என்று தையற்கார அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். மின்சார மெஷினை மூடிவிட்டு, தாயின் பழைய மிதி மெஷினை முன்னால் இழுத்துப் போட்டிருந்தார். அம்மாவின் கூறையைத் தனக்குப் பொருத்தித் தரச் சொல்லி அந்தக் கிழமை மட்டும் மூன்று மணப்பெண்கள் வந்திருந்தார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு வந்த கடிதங்கள் நான்கு பக்கத்துக்கும் எப்போதும் வந்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமையும் போனேன். வெட்டுமேசையில் எங்கள் ஞாயிறு இணைப்பு விரிந்திருந்தது. வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதன் மேல் சோக்கால் அளவு போட்டுக்கொண்டிருந்தார். கோடு என் தலைப்பின் நடுவால் போயிருந்தது. கடதாசி கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, வெட்ட நல்லது என்றார். கை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டேன். வைகாசிக் கல்யாணங்களுக்கு எல்லாரும் முழங்கைக்குக் கீழே கேட்கிறார்களாம். கொப்பியை எடுத்தேன்.