கார் மைலேஜை லிட்டராக மாற்றிப் பாருங்கள்
ஷோரூமில் சொல்லும் 'அராய் மைலேஜ்' (ARAI, அதாவது இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் பெயரில் சொல்வது), காரை ஆய்வகத்தில் சுழலும் ரோலர் மேல் ஏற்றி, ஏசி போடாமல், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்த கணக்கு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற ஊரில் அது கிடைக்காது. இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் உதவும். நீங்கள் வாங்கப்போகும் அதே இன்ஜின், அதே கியர் வகைக்கான எண்ணைக் கேளுங்கள். மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் வேறுபடும்.

பிறகு 1,000-ஐ அந்த எண்ணால் வகுங்கள்; 1,000 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று வரும். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் காருக்குப் பதில் 12 தருவதை எடுத்தால், 1,000 கி.மீ.க்கு 16.7 லிட்டர் மிச்சம். 20-க்குப் பதில் 24 என்றால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், ஆனால் மிச்சம் 8.3 லிட்டர்தான்! சிஎன்ஜிக்குச் சொல்வது கிலோவுக்கான மைலேஜ். பெட்ரோலோடு ரூபாய்க் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும்.