கோபிபாட்டை ரொட்டிஃபர் போல வளர்க்காதீர்கள்

கோமாளி மீன் குஞ்சு பொரித்த அன்றே ரொட்டிஃபர் என்ற நுண்ணிய நீருயிரியை விழுங்கிவிடும். அதை வளர்த்துக் கை பழகியவர்கள் களவா, ஏஞ்சல் மீன் என்று அடுத்த படிக்கு ஆசைப்படும்போதுதான் சிக்கல். அந்தக் குஞ்சுகளின் வாய் மிகச் சிறியது. பெரிய ரக ரொட்டிஃபர் 200 மைக்ரோனைத் (மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டும். கோபிபாட் இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரி; அதன் சில இனங்களின் நோப்ளியஸ், அதாவது முட்டையிலிருந்து வந்த இளம் பருவம், 100 மைக்ரோனுக்கும் குறைவு. குஞ்சு வளரத் தேவையான டிஎச்ஏ கொழுப்பமிலமும் அதில் இயல்பாகவே நிறைய. சரி, கோபிபாட்டுக்கு மாறலாம். ஆனால் பழைய பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனால் தாங்கி வெறுமையாகிவிடும்.

ரொட்டிஃபர் ஆண் துணையின்றியே பெருகும், மில்லிலீட்டருக்கு நூற்றுக்கணக்கில் நெருக்கி வளர்க்கலாம். கோபிபாட்டுக்கு ஆணும் பெண்ணும் வேண்டும். நோப்ளியஸில் ஆறு நிலை, அதன்பின் ஐந்து நிலை கடந்துதான் அது முதிரும். கலனாய்ட் என்ற கோபிபாட் வகையில் மில்லிலீட்டருக்கு ஓரிரண்டு பெரியவை இருந்தாலே நல்ல வளர்ப்பு. நெருக்கினால் முட்டை குறையும், இட்ட முட்டையையும் பெரியவையே தின்றுவிடும். அதனால் முட்டையையும் நோப்ளியஸையும் சல்லடையால் தினமும் பிரித்தெடுங்கள்.

தீனியிலும் கவனம் வேண்டும். ரொட்டிஃபருக்குக் கொடுக்கும் நனோகுளோரொப்சிஸ் பாசியையே இதற்கும் ஊற்றுவார்கள். அதில் டிஎச்ஏ இல்லையென்றே சொல்லலாம். ஐசோகிரைசிஸ் பாசியை உயிரோடு கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலித்த தவறு வலை. கொழும்பு மட்டக்குளியில் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த தாங்கியில், ரொட்டிஃபர் வலையை ஒரேயொரு தடவை நனைத்தேன். சில நாளில் பாசி முழுவதையும் ரொட்டிஃபர் தின்று தீர்த்தது, கோபிபாட் பட்டினியில் போனது. வலை, குழாய், வாளி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும், முடிந்தால் அறையும்.

முகத்துவாரக் கடலில் வலை இழுத்து நேரே குஞ்சுத் தாங்கியில் கொட்டுவதும் ஆபத்து. ஒட்டுண்ணியும், கொட்டும் சிற்றுயிரான ஹைட்ராய்டும் கூடவே வரும். மழைக்காலத்தில் களனி கங்கை பெருகினால் அங்கே உப்பும் இறங்கிவிடும்.

குஞ்சுக்குத் தீனியாகும் சிறு உப்புநீர் உயிரியான ஆர்ட்டீமியா பக்கம் ஒன்று மட்டும்: பொரித்தவுடன் அதற்கு வாய் திறந்திருக்காது. செறிவூட்டும் எண்ணெயை அப்போதே ஊற்றினால் தண்ணீர்தான் கெடும். சுமார் எட்டு மணி நேரம் பொறுங்கள்.

அப்புறம், மீன் முட்டையிட்டதைப் பார்த்துவிட்டுக் கோபிபாட்டைத் தொடங்காதீர்கள். நம் வெப்பத்தில்கூட ஒரு தலைமுறைக்கு ஒரு வாரமாவது போகும். குஞ்சின் மஞ்சள் கருவோ இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும்.