பெட்டிக்கு முன்னால் கம்பி: வீட்டில் சிபி ரேடியோ வைக்கும்போது விடக்கூடாத பிழைகள்

ரேடியோ ஆசையோடு என்னிடம் வருகிற தம்பிமார் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். "அண்ணன், எந்த செட் நல்லம்?" அவர்களுக்கு நான் சொல்வது: செட்டைப் பிறகு பார்ப்போம், உங்கள் வளவில் அன்டனா எங்கே நிற்கும் என்று முதலில் காட்டுங்கள். நானும் அமெச்சூர் உரிமம் (பரீட்சை எழுதி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேச எடுக்கும் அனுமதி) எடுத்துப் புதிதாகத் தொடங்கிய நாளில் காசு முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிட்டேன். மிச்சக் காசுக்குக் கிடைத்த மலிவுக் கேபிளில் ஆறு மாதம் யாருக்கும் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தேன். எனக்குக் கேபிள் வெட்டித் தந்த வயதான ரேடியோ திருத்துநர் அன்றைக்கே சொன்னார்: "தம்பி, பெட்டி பேசாது, கம்பிதான் பேசும்." அவர் சொன்னது விளங்க எனக்கு அந்த ஆறு மாதம் தேவைப்பட்டது.

நான் பேசுவது 28 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் அலைவரிசையில். சிபி, அதாவது பொதுமக்கள் தங்களுக்குள் பேசுவதற்கான "சிட்டிசன்ஸ் பேண்ட்", அதற்குப் பக்கத்து வீடு. 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை 40 சனல்கள், சாதாரண ஏஎம் முறையில் 4 வாட் சக்தி. கோபுரம் வேண்டாம், சிம் வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை. கம்பி, கேபிள், மின்சாரம் ஆகியவற்றில் இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான் என்பதால் நான் பட்டதை இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அனுமதிதான் முதல் விஷயம். யூடியூபில் அமெரிக்கக்காரர் ஒருவர் "சிபிக்கு லைசென்ஸ் தேவையில்லை" என்பார். அவருடைய நாட்டில் அது உண்மை, 1983இலேயே அதை எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டு வீடியோவிலும் அப்படித்தான் சொல்வார்கள். இந்தியாவில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி 27 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வரை உரிமம் தேவையில்லை. இரண்டும் நமக்குச் செல்லாது. இலங்கையில் அலை வீசுகிற கருவியைப் பாவிப்பதற்கு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் அனுமதி வேண்டும். கட்டாரில் இருக்கிற மச்சானிடம் சொல்லி செட்டை எடுப்பித்துவிட்டு, சுங்கத்தில் மாட்டிய பிறகு கடிதம் எழுதக்கூடாது. எந்த அலைவரிசை, எந்த செட், எத்தனை வாட் என்று எழுதி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். சிபி சரிவராவிட்டால் அமெச்சூர் பரீட்சை இருக்கிறது. படித்து எழுதலாம், கிடைப்பதும் சிபியை விடப் பெரிய உலகம். பதில் வரும்வரை, 30 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும் பழைய சிற்றலை ரேடியோ ஒன்றைத் தேடி அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருங்கள். எந்த நேரத்தில் அலை உயிரோடு இருக்கிறது என்பது அதிலேயே பிடிபடும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மட்டக்களப்புப் பக்கம் "வோக்கி" (வோக்கி-டோக்கி) என்ற சொல்லைக் கேட்டாலே போர் நாட்களில் வீட்டுக் கதவைச் சாத்திய காலம் ஒன்று இருந்தது. பெரியவர்கள் மனதில் அது இன்னும் போகவில்லை. ஒருநாள் விடியும்போது உங்கள் வளவில் உயரமாகக் குழாயும் கம்பியும் நின்றால் பக்கத்து வீட்டு மாமிக்குப் பயம் வரத்தான் செய்யும். முதலே போய்ச் சொல்லுங்கள், அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் பிறகு விளக்கம் சொல்லிக் களைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சரி, செட். இங்கே நடக்கிற பெரிய பிழை, மலிவாகக் கிடைக்கிற பாவோஃபெங் கைக்கருவியை வாங்கிவிட்டு அதைச் சிபி என்று நினைப்பது. அதில் பரவலாக விற்கும் யூவி-5ஆர் மாதிரி வேலை செய்வது 136 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. 27க்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அதோடு பொலிஸ், விமானம், கப்பல் பாவிக்கும் அலைவரிசைகளுக்குப் பக்கத்தில் தெரியாமல் விரலை வைத்துவிடுவீர்கள். சிபிக்கு வாகனத்தில் பூட்டுகிற சாதாரண 40 சனல் செட் போதும். பழையதாக இருந்தாலும் குறையில்லை. மைக் வயர் அதன் கழுத்தில் வெடித்திருக்கிறதா, சனல் திருகி ஒழுங்காகச் சுற்றுகிறதா, பின்னால் உள்ள அன்டனா மூட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். "திறந்து சக்தி ஏற்றியது" என்று பெருமையாகச் சொல்லி விற்றால் வாங்க வேண்டாம். கண்டபடி திருகிய செட் குரலை உடைத்துப் பக்கத்து வீட்டு டிவிக்குள் கொண்டுபோய்விடும்.

இனிக் கம்பி. கையிலுள்ள காசில் பாதியையாவது அன்டனாவுக்கும் கேபிளுக்கும் ஒதுக்குங்கள். கடை அன்டனா வாங்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். இரண்டு துண்டுச் செப்புக் கம்பியில் நல்ல அன்டனா செய்யலாம். சிபியின் நடுச் சனல்களுக்கு ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 2.62 மீற்றர். இங்கே எல்லாரும் விடுகிற பிழை, கணக்குப் பார்த்துச் சரியாக 2.62இல் வெட்டிவிடுவது. உறையுள்ள வயரில் நீளம் மாறும், ஓட்டுக் கூரையும் தகரமும் பக்கத்தில் இருந்தாலும் மாறும். 2.75இல் வெட்டித் தொடங்குங்கள். கூடினால் குறைக்கலாம், குறைந்தால் முடிச்சுத்தான் போட வேண்டும்.

கம்பியை நேர்க்குத்தாக நிறுத்துங்கள். வாகனங்களும் மற்ற வீடுகளும் நேர்க்குத்தாகவே வைத்திருப்பார்கள். நீங்கள் மட்டும் கொடிக்கயிறு போலக் கிடையாகக் கட்டினால் கிட்டத்து ஆளுக்குக் கூட உங்கள் சத்தம் மெலிந்துதான் போகும். கீழே மூன்று மீற்றர் ஜிஐ இரும்புப் பைப், அதற்கு மேலே எஸ்லோன் (பிவிசி) பைப், எஸ்லோனில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு துண்டுக் கம்பி, மூன்று பக்கமும் நைலோன் கயிறு. கீழ்க்கம்பியை ஜிஐயோடு ஒட்ட விட்டால் இரும்பும் அன்டனாவின் பங்காளியாகி எல்லாக் கணக்கையும் குழப்பும். கேபிள் கம்பியோடு சேரும் இடத்தில், நான்கு அங்குல எஸ்லோன் துண்டொன்றில் அதே கேபிளை ஆறேழு சுற்றுச் சுற்றி விடுங்கள். கேபிளின் வெளிப்பக்கமாக அலை வீட்டுக்குள் திரும்பி வருவதை அது தடுக்கும். கம்பியின் நுனி எதுவும் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது, பேசும்போது தொட்டால் சுடும்.

அப்புறம் எஸ்டபிள்யூஆர் மீற்றர். இதை வாங்காமல் மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு செட்டுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரை வாங்குகிறார்கள். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது காட்டும். 3 என்று காட்டினால் நான்கில் ஒரு பங்கு திரும்புகிறது. 1.5க்குக் கீழே வந்தால் நிம்மதியாக உறங்கலாம். 1ஆம் சனலிலும் 40ஆம் சனலிலும் பாருங்கள். 40இல் கூடுதலாக இருந்தால் கம்பி நீளம், 1இல் கூடுதலாக இருந்தால் கட்டை. இரு பக்கமும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் வெட்டினால் ஏறத்தாழப் பத்துச் சனல் தூரம் நகரும், ஆகவே பொறுமையாக வெட்டுங்கள். மீற்றரை இரவல் வாங்கினாலும் சரி, அது இல்லாமல் மைக்கை அழுத்த வேண்டாம். அன்டனா பூட்டாமல் "சும்மா ஒரு சோதனை" என்று அழுத்துவது அதைவிட மோசம். என் நண்பர் ஒருவரின் செட் சில விநாடியில் அப்படித்தான் போனது.

கேபிளில் டிவி வயரைப் பற்றிக் கேட்பார்கள். அது 75 ஓம், செட் எதிர்பார்ப்பது 50 ஓம். குறுகிய தூரத்துக்கு அது வேலை செய்யும், ஆனால் அதற்குப் பொருந்தும் மூட்டுக் கிடைப்பது கரைச்சல். ஆர்ஜி 58 என்ற 50 ஓம் கேபிளை வாங்குங்கள், ஆனால் நீளத்தைச் சுருக்குங்கள். நல்ல ஆர்ஜி 58 என்றாலும் முப்பது மீற்றர் போட்டால் 4 வாட்டில் ஏறத்தாழ இரண்டரை வாட்தான் மேலே போய்ச் சேரும். பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் முடிகிற மாதிரி செட் வைக்கும் அறையைத் தெரிவு செய்யுங்கள். வாங்கும்போது நுனியை உரித்துப் பாருங்கள். உள்ளே பின்னல் கம்பி நெருக்கமாக இல்லாமல் நாலு இழை மட்டும் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளியூர்க் குறிப்புகளில் அநேகமாக இல்லாத, நமக்கு மட்டும் உரிய எதிரி ஒன்று உண்டு. உப்பு. கல்லடியிலோ கல்லாற்றிலோ மருதமுனையிலோ கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. சைக்கிள் சங்கிலியைப் பார்த்தாலே தெரியும். என் முதல் அன்டனாவின் மூட்டுக்குள் நாலு மாதத்தில் பச்சைக் களிம்பு. கேபிளே மழைநீரைத் திரி போல உறிஞ்சி உள்ளே இரண்டு மீற்றர் கறுத்துவிட்டது. சாதாரணக் கறுப்பு டேப் நம் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். தன்னோடு தானே ஒட்டுகிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் கறுப்பு டேப் சுற்றுங்கள். வினாகிரி மணக்கிற சிலிக்கோனை மூட்டில் பூச வேண்டாம், அதிலுள்ள அமிலம் செம்பையே தின்னும். கம்பியை முறுக்கி விடாமல் ஈயம் வையுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழும். வருடத்தில் ஒருமுறை, ஒக்டோபர் மழைக்கு முன்னால், எல்லா மூட்டையும் திறந்து பாருங்கள்.

மின்கம்பி பற்றி இரண்டு தரம் வாசியுங்கள். நம் தெருக்களில் போகும் மேல் வயர்களில் சில 33,000 வோல்ட். குழாய் எந்தப் பக்கம் சரிந்தாலும் அந்த வயரில் படாத தூரம் வேண்டும். குழாயும் கம்பியும் சேர்ந்த முழு உயரம் ஆறு மீற்றர் என்றால் ஆறு மீற்றர் தூரம் போதாது, ஒன்பது பத்து வையுங்கள்; உயரம் கூடினால் தூரமும் அதே மாதிரிக் கூட வேண்டும். தூக்கி நிறுத்தும் நேரத்தில்தான் ஆபத்து. காற்றடிக்கும் நாளில் தொடங்க வேண்டாம், தனியாகவும் வேண்டாம். தென்னையில் கட்டினால் உயரம் சும்மா கிடைக்குமே என்று தோன்றும். இடியும் தென்னையைத்தான் தேடி வரும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் மேற்கே கறுத்தால் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி சன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். முழக்கம் கேட்ட பிறகு போய்க் கழற்றுவது மிகவும் ஆபத்து, அந்த நேரம் கேபிளைத் தொடவே வேண்டாம். ஜிஐ பைப்பை மண்ணில் இறக்கிய செப்புக் கம்பியோடு இணைப்பது நல்லது, ஆனால் அதை நம்பிக் கேபிளை விட்டுவைக்கக்கூடாது.

செட்டுக்கு வேண்டியது 13.8 வோல்ட். 4 வாட் ஏஎம் செட்டுக்கு 5 அம்பியர் மின்வழங்கி தாராளம். மலிவான சுவிட்சிங் வகை மின்வழங்கியும் எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், சோலர் இன்வெர்ட்டரும் 27 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலை ஊற்றும். இரைச்சலைத் தேடிப் பிடிக்க வழி இலகு: செட்டைப் பற்றரியில் போட்டு, வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் எதிரி உங்கள் வீட்டுக்குள்தான், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் அகப்படும். அதனால்தான் நான் பழைய வாகனப் பற்றரியையும் சிறிய சார்ஜரையும் விரும்புகிறேன், கரண்ட் போனாலும் பேச்சு நிற்காது. சிவப்பு, கறுப்பு வயர் மாறினால் செட் முடிந்தது. பியூஸ் எரிந்தால் அதே அளவு பியூஸ் போடுங்கள். சிகரெட் தாளோ கம்பித் துண்டோ சுற்றிவிடுகிற நம்மூர்ப் பழக்கம் இங்கே வீட்டையே எரிக்கும்.

எவ்வளவு தூரம் கேட்கும்? எழுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) தட்டையான நிலம், வாவியின் உப்புத் தண்ணீர் அலைக்கு நல்ல பாதை. இரு பக்கமும் எட்டு மீற்றர் உயரத்தில் ஒழுங்கான அன்டனா இருந்தால் பத்து முதல் இருபது கிலோமீற்றர் எதிர்பார்க்கலாம். கல்லடியிலிருந்து ஏறாவூர், வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக் கிராமங்கள் எல்லாம் கைக்கு எட்டியவை. கல்முனை சந்தேகம். சில பகல்களில் பல நாட்டுக் குரல்கள் திடீரென்று கொட்டும். அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால் வருவது அது, சூரியனின் பதினொரு வருடச் சுற்றோடு கூடிக் குறையும். அதைக் கேட்டுவிட்டு பத்தாயிரம் கிலோமீற்றர் போகிற செட்டுக்கு ஐந்து கிலோமீற்றர் ஏன் போகவில்லை என்று மனம் உடைந்து, சக்திகூட்டிப் பெட்டி தேடிப் போகிறவர்கள் உண்டு. அது அனுமதிக்கு வெளியே போவது. சக்தியை நான்கு மடங்காக்கினாலும் மறுபக்கத்து மீற்றரில் ஊசி ஒரு கோடுதான் அசையும். அந்தக் காசுக்கு அன்டனாவை இரண்டு மீற்றர் உயர்த்துங்கள்.

கடைசிப் பிழைதான் எனக்கு மனதில் ஆழமாக இருப்பது: தனியாக வைப்பது. மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளியின் கதையை என் வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். போன் செத்துப்போகும் நாளில் ரேடியோ பேசும், ஆனால் எதிரே ஒருவர் இருந்தால்தான் பேசும். ஆகவே ஒரு செட்டுக்குச் சேர்த்த காசில் இரண்டு பழைய செட் வாங்க முடியுமா என்று பாருங்கள், இரண்டுக்கும் அனுமதி எடுங்கள், ஒன்றை வாவிக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் வையுங்கள். எந்தச் சனல், எத்தனை மணி, யார் முதலில் கூப்பிடுவது என்பதைத் தாளில் எழுதி இரண்டு சுவரிலும் ஒட்டுங்கள். நானும் வவுணதீவுப் பக்கத்து நண்பரும் எங்கள் அலைவரிசையில் ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பேசுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பற்றரியில் மட்டும். போன மாதம் அவருடைய பற்றரி பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. மாரிக்கு முன்னால் புதியது வாங்குகிறார்.