புகார் சொன்னவரைக் காக்கும் விதிகள்: நாம் செய்யும் தவறுகள்

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து முந்திரி ஆலைகளில் உடைப்பதற்கும் தோல் உரிப்பதற்கும் கூலி பெரும்பாலும் எடைக்கணக்குதான். ‘தராசில் குறைத்துப் போடுகிறார்கள்’ என்று ஒரு பெண் வாய் திறந்தால், மறுநாளே அவரை யாரும் வேலையைவிட்டு நிறுத்தமாட்டார்கள். பொடிக் கொட்டையும் சொத்தையும் அவர் பங்குக்கு வந்து சேரும். அதே எட்டு மணி நேரம், அதே கை. மாலையில் எடை மட்டும் குறையும். சனிக்கிழமை கூலிக் கவரைப் பிரிக்கும்போதுதான் தண்டனை தெரியும்.

‘புகார் கொடுத்தவரைப் பணிநீக்கம் செய்யமாட்டோம்’ என்று ஒரே வரியில் கொள்கையை முடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வேலைப் பங்கீடு, பிரிவு மாற்றம், மிகைநேர வேலை, போனஸ், முன்பணம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். புகாருக்கு முந்தைய மூன்று மாதக் கூலியையும் பிந்தைய ஆறு மாதக் கூலியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது ரகசியம். புகார்ப் பெட்டியை மேலாளர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருப்பார்கள். பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். நம் ஊரில் மேற்பார்வையாளர் ஒருவருக்கு மச்சினராகவும் இன்னொருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருப்பார். ஆகவே புகாரைப் பெறுபவர்களில் ஒருவராவது ஆலைக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணி முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயருடனேயே மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. அப்படியே இருந்தாலும், அந்தப் பெயரை வெளியே விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

‘அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே’ என்பவர்களும் உண்டு. முறைகேட்டைப் புகார் செய்பவர்களைக் காக்க வந்த 2014ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியாளர்கள் மீதான புகார்களுக்கானது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் புகார் வழிமுறையைக் கட்டாயமாக்குவது பங்குச்சந்தையில் பட்டியலிட்டவை, பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவை, வங்கிக் கடன் 50 கோடி ரூபாயைத் தாண்டியவை ஆகியவற்றுக்கு மட்டும். குலசேகரத்தில் முப்பது பேர் வேலை செய்யும் ரப்பர் கூடத்துக்கு இவை எட்டா. அங்கே முதலாளி எழுதித் தரும் தாள்தான் பெரிய துணை. பாலியல் துன்புறுத்தல் புகார்களை மட்டும் இதில் கலக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள்ளகக் குழு, குறைந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு என்று அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

‘பொய்ப் புகார் கொடுத்தால் கடும் நடவடிக்கை’ என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதும் தவறு. சம்பளத்தில் பிஎஃப் பிடித்திருக்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை என்று ஒருவர் கேட்கிறார். விசாரித்தால் வெறும் தாமதமாகவும் இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை; தன் பணத்தைக் கேட்டார். தெரிந்தே புனைந்த புகாருக்கு மட்டுமே நடவடிக்கை என்று தெளிவாக எழுதுங்கள். எழுதியதைத் தமிழில், கூலி கொடுக்கும் நாளில், எல்லோரும் கேட்க உரக்க வாசியுங்கள்.