ஆள் எடுக்கும் முன்: நாகர்கோவில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆறேழு பேரோடு ஓடும் கம்பெனிக்குப் பெரிய புராஜெக்ட் ஒன்று கிடைத்ததும், முதலாளி செய்யும் முதல் காரியம் கல்லூரிகளுக்கு போன் போடுவதுதான். இன்ஜினியரிங் கல்லூரிக்கு இங்கே பஞ்சமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. விளம்பரம் போட்ட மறுநாளே பயோடேட்டா குவியும், சம்பளமும் கட்டுப்படியாகும். ஒரே மூச்சில் ஐந்து ஃப்ரெஷர்களைச் சேர்த்துவிடுவார்கள். பெரும்பாலும் சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

புரோகிராம் எழுத ஆள் எளிதாகக் கிடைக்கும். எழுதியதைப் படித்து, "இப்போ ஓடும், டேட்டா பெருகினா படுத்துரும்" என்று சொல்லும் ஆள்தான் அரிது. ஐந்து புதியவர்கள் வந்ததும் இருக்கிற ஒரே சீனியரின் பொழுது அவர்கள் சந்தேகத்தைத் தீர்ப்பதிலேயே போய்விடும். அவர் எழுத வேண்டியது நிற்கும், டெட்லைன் தள்ளும், தள்ளியதைப் பிடிக்க இன்னும் இரண்டு பேரை எடுப்பார்கள். ஐந்து பேர் குழுவில் ஒருவரோடொருவர் பேச வேண்டிய ஜோடிகள் 10. பத்து பேரானால் அதுவே 45. ஆள் இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாக முடியும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு சீனியருக்கு இரண்டு ஃப்ரெஷருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

"சீனியர் யாரும் இங்கே வரமாட்டான்" என்பது வழக்கமான புலம்பல். தேடும் இடம்தான் தப்பு. நம் மாவட்டத்துக்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் நிறைய இருக்கிறார்கள். வயதான அப்பா அம்மா, ஊரில் கட்டிப் பூட்டிப் போட்டிருக்கும் வீடு என்று திரும்பி வரக் காரணம் தேடுகிறவர்களும் அதில் உண்டு. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பேசினால் காதுகொடுப்பார்கள். ஆனால் அப்படிப்பட்டவரிடம் போய், "வாடகை இல்லை, வீட்டுச் சாப்பாடு, சம்பளம் பாதி போதாதா" என்று கேட்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அவருடைய ஹோம் லோன் தவணையில் ஊரைப் பார்த்து எந்த பேங்கும் குறைத்துக்கொள்வதில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லேயே அலுவலகம் போட்டது. சின்ன ஊரில் சாஃப்ட்வேர் நடக்குமா என்ற கேள்வி பழசாகிவிட்டது.

அடுத்தது இன்டர்வியூ. ஆப்டிடியூட் பேப்பர், கொஞ்சம் இங்கிலீஷ், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" இவற்றை வைத்து ஆள் எடுத்தால் நன்றாகப் பேசுகிறவர்தான் வருவார். அதைவிட, உடைந்த புரோகிராம் ஒன்றைக் கையில் கொடுங்கள். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடைக்கான பில்லிங் சாஃப்ட்வேர் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் விலை நாளுக்கு நாள் மாறும். போன மாத பில்லை மறுபடி பிரின்ட் எடுத்தால் இன்றைய விலையில் தொகை வருகிறது. ஏன்?

விலையை பில்லோடு சேர்த்துச் சேமிக்காமல், ஒவ்வொரு முறையும் விலைப் பட்டியலிலிருந்து எடுப்பதுதான் கோளாறு. அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. "இந்த பில் ஏற்கெனவே வரிக் கணக்கில் போயிருக்குமே, சார்?" என்று ஒருவர் கேட்டால் அவரை விடாதீர்கள். மாமா மகன், பழைய கூட்டாளியின் தம்பி என்று சிபாரிசில் வருபவருக்கும் இதே பரீட்சைதான். சொந்தக்காரரைச் சேர்ப்பது எளிது; விலக்கினால் அடுத்த கல்யாண வீட்டுக்குப் போக முடியாது.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி அலமாரியில் பூட்டுவதை அடியோடு விடுங்கள். போக நினைக்கிறவரை அது நிறுத்தாது, மனசை மட்டும் முறிக்கும். விலகிய பிறகு வேறு கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. "ஒரு வருஷம் இருந்து பாரு மக்களே" என்று சொல்லிவிட்டு, அந்த வருஷத்தில் என்ன கற்றுத்தருவோம், சம்பளம் எப்போது ஏறும் என்பதை எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் நிற்பார்கள்.

பத்தாவது ஆளைச் சேர்க்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். பத்துப் பேரானதும் இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) வரும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்குழுவும் அமைக்க வேண்டும். இருபதில் பி.எஃப். இதையெல்லாம் சேர்க்காமல் ஒரு ஆளின் செலவைக் கணக்கிட்டால் கொட்டேஷனே தப்பாகிவிடும்.

சம்பளம் மாதாமாதம் போகும், கிளையன்ட் பணம் அப்படி வராது. உத்யம் என்னும் மத்திய அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. பிந்தினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே அட்வான்ஸ் அக்கவுன்ட்டில் விழுந்த பிறகு ஆஃபர் லெட்டர் அடித்தால் போதும்.