டிஸ்கஸ் என்றாலே 'பற்றிப் பேசுவது'தான்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் கவனியுங்கோ. ஆங்கிலத்தில் டிஸ்கஸ் (discuss) என்ற வினைக்குப் பின்னால் அபவுட் (about) போடக்கூடாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பற்றிச் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கதைத்தோம் என்று தமிழில் யோசிக்கும்போது அந்தப் 'பற்றி' தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஆங்கிலத்தில் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. அதனால் 'வீ டிஸ்கஸ்ட் த வோட்டர் ப்ரொப்ளம்' என்றாலே போதும்.

சரி, அபவுட் எங்கே வரும்? டோக், ஸ்பீக் இரண்டுக்கும் வேண்டும்: 'வீ டோக்ட் அபவுட் த வோட்டர் ப்ரொப்ளம்'. டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லாக மாறினாலும் வரும்: 'வீ ஹாட் எ டிஸ்கஷன் அபவுட் இட்'. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் டிஸ்கஸ், டிஸ்கஷன் இரண்டும் ஒரே சொல் மாதிரித்தான் காதில் விழுகிறது. யாரோடு கதைத்தோம் என்று சொல்ல வித் சேர்க்கலாம், அதில் பிழையில்லை: 'ஐ டிஸ்கஸ்ட் இட் வித் மை டீச்சர்'.

ரீச்சும் இதே வகைதான். 'ரீச்ட் டு வவுனியா' வேண்டாம், 'ரீச்ட் வவுனியா' என்றே எழுதுங்கோ.